தெற்கே இழுக்கும் வண்டி

கேக்கின் மேல் அடுக்கு ஆர்லினின் தொப்பிக்குள் விழுந்திருந்தது. நடு அடுக்கு முன் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு சாவகாசமாக வழிந்துகொண்டிருந்தது. அடி அடுக்கு எங்கே என்று தேட வேண்டியதில்லை. அது அவர் மனைவி லவோனின் மடியில் இருந்தது.

பிக்கப் வண்டி ரோட்டை விட்டு இறங்கி, தெற்குப் பக்கத்து வேலிக்கம்பத்துக்கு ஒரு முழம் தள்ளி மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. பின் சீட்டில் இருந்த நாய் பட்டன் எழுந்து வந்து, கண்ணாடியை நக்க ஆரம்பித்தது.

"நான் ஒண்ணும் பண்ணலை லவோன்," என்றார் ஆர்லின். "வண்டிதான் இழுத்துட்டுப் போச்சு."

லவோன் மடியிலிருந்து க்ரீமை ஒரு விரலால் வழித்து வாயில் வைத்துப் பார்த்தாள்.

"வெனிலா கொஞ்சம் தூக்கலா இருக்கு," என்றாள். "நல்லவேளை, இது ஒத்திகை கேக்."

ஒத்திகைதான். நிஜக் கேக்குக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அவர்களுடைய ஒரே மகள் மார்னிக்குக் கல்யாணம். கேக் அம்மா கையால்தான் என்று மார்னி சின்ன வயதிலேயே சொல்லிவைத்துவிட்டாள். மூன்று அடுக்கு, அடியிலிருந்து உச்சிவரை ஒரு கோதுமைக் கதிர் சுற்றிக்கொண்டு ஏறுகிற மாதிரி சர்க்கரை வேலைப்பாடு. கதிர் நடுவில் உடையக்கூடாது என்பதால் வீட்டிலேயே அடுக்கி முடித்து, முழுசாகத்தான் சர்ச்சுக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே போய் அடுக்கிக்கொள்ளலாம் என்றால், சர்ச் சமையலறையைப் பெண்கள் சங்கம் பன்னுக்கும் காபிக்கும் பிடித்து வைத்திருந்தது. அந்தச் சங்கத்திடம் மேடையில் அரை அடி இடம் கேட்கிற தைரியம் வடக்கு டகோட்டா மாநிலத்திலேயே யாருக்கும் கிடையாது.

லவோனுக்கென்று ஒரு கார் இருந்தது. போன இலையுதிர் காலத்தில் அதன் முன்னால் ஒரு மான் பாய்ந்தது. மானும் போயிற்று, காரும் போயிற்று. மிச்சம் இருந்தது ஆர்லினின் பிக்கப்தான். மாட்டு டிரெய்லர் இழுப்பதற்கென்றே செய்த கனரக டீசல் வண்டி. பின்னால் பதினைந்து மாட்டைக் கட்டிவிட்டால் சமர்த்தாகப் போகும். வெறும் வண்டியாகப் போனால் ரோட்டில் கிடக்கிற ஒவ்வொரு கல்லையும் முதுகெலும்பில் எண்ணிக் காட்டும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஸ்டீயரிங்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

எதிரே வந்த தபால் வண்டி நின்றது. ஜன்னலிலிருந்து ட்வைலா தலையை நீட்டினாள். அந்த ரோட்டில் தபால் போடுகிறவள். பனியோ வெயிலோ தினமும் வருவாள்.

"எல்லாரும் உயிரோட இருக்கீங்களா?"

"கேக் மட்டும்தான் போச்சு," என்றாள் லவோன்.

"நான் விரல் தூக்கினேன் ஆர்லின், நீங்க தூக்கலை. அப்பவே நெனச்சேன், ஏதோ ஆகப்போகுதுன்னு."

ஆர்லினுக்கு இது கேக் போனதைவிட அதிகமாக வலித்தது. அந்த ஊர்ப் பக்கம் எதிரே வண்டி வந்தால் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்க வேண்டும். தூக்காதவன் ஒன்று வெளியூர்க்காரன், இல்லாவிட்டால் எதிராளி மேல் கோபமாக இருப்பவன். ஆர்லின் இரண்டும் இல்லை.

"ஸ்டீயரிங்கோட மல்லுக்கட்டிட்டு இருந்தேன் ட்வைலா. விரலுக்கு எங்க போறது?"

ட்வைலா அவர் தொப்பியைப் பார்த்தாள், வேலியைப் பார்த்தாள், வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த புல்வெளியைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் மார்னி வந்தாள். பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவள், எதற்கும் நேரான வழி தெரிந்தவள்.

"இதுக்கு ஏம்ப்பா இவ்ளோ கஷ்டம்? பெர்னடைன் அத்தைகிட்ட வேன் இருக்கு. மெத்தை மாதிரி போகும். அத்தையே கேக்கைக் கொண்டுவந்து தரேன்னு சொல்லிட்டாங்க."

ஆர்லினின் முகம் இறுகியது.

"அத்தையாம்! இன்னும் மோதிரம்கூட மாத்தலை, அதுக்குள்ள அத்தை!"

பெர்னடைன், டுவேனின் மனைவி. டுவேன், மாப்பிள்ளையின் அப்பா. மாப்பிள்ளை மேல் ஆர்லினுக்கு ஒரு குறையும் கிடையாது. குறையெல்லாம் டுவேனின் புல் மேல்தான். ரோட்டுக்குத் தெற்கே டுவேனின் புல்வெளி, நேர் எதிரே வடக்கில் ஆர்லினின் புல்வெளி. ஒரே மழை, ஒரே மண். ஆனாலும் யார் முதலில் அறுத்தார்கள், உலர்ந்த புல்லைச் சுருட்டிக் கட்டுகிற உருளை யாருடையது இறுக்கமாக இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் பல வருஷமாகச் சத்தமில்லாத போட்டி. சத்தமில்லாத என்றுதான் சொல்ல வேண்டும். இந்த வருஷம் எத்தனை உருளை தேறியது என்று பக்கத்து வீட்டுக்காரனிடம் கேட்பது அங்கே சம்பளத்தைக் கேட்பதைவிட அநாகரிகம். கேட்காமலே தெரிந்துவைத்திருப்பதுதான் பண்பாடு.

"கேக் நம்ம வண்டியிலதான் போகும்," என்றார் ஆர்லின்.

"நம்ம வண்டிதான் தினமும் வேலிக்குப் போகுதே," என்றாள் லவோன்.

"சரி பண்றேன்."

"ரெண்டு வாரத்துலயா?"

"ரெண்டு வாரம் எதுக்கு? ரெண்டு நாள் போதும்."

உண்மையில் அவருக்கு மனதில் இருந்தது வேறு. கல்யாணம் முடிந்ததும் மார்னி ரோட்டுக்கு அந்தப் பக்கம் குடிபோகப்போகிறாள். அவள் பெட்டி, படுக்கை, பியானோ எல்லாம் ஏற்கெனவே டுவேனின் வண்டிகளில் போய்விட்டன. இந்தக் கேக் ஒன்றுதான் பாக்கி. அதையாவது அப்பா கொண்டுவந்து சேர்த்தார் என்று இருக்க வேண்டாமா? இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்த மாதிரிப் பேச்செல்லாம் அந்த வீட்டில் பழக்கமில்லை.

மறுநாள் டவுனில் கர்ட்டின் மெக்கானிக் கடைக்குப் போனார். கர்ட் சின்ன வயசுக்காரன், ஆனால் எதைக் கேட்டாலும் முதலில் பெருமூச்சு விடுவான்.

"எந்தப் பக்கம் இழுக்குது?"

"போறப்ப வலப்பக்கம். வரப்ப இடப்பக்கம்."

கர்ட் பெருமூச்சு விட்டான். "அது எப்படிங்க? ஒரு வண்டி இழுத்தா ஒரு பக்கம்தானே இழுக்கும்?"

"தெற்கே இழுக்குதுப்பா. போறப்ப தெற்கு வலப்பக்கம், வரப்ப இடப்பக்கம்."

"வண்டிக்கு எப்படிங்க தெற்கு தெரியும்?"

"காத்து! வடக்குக் காத்து தள்ளுது. நம்ம ஊர்ல காத்து இல்லாத நாள் உண்டா?"

இதை யாரும் மறுக்க முடியாது. காற்று இல்லாவிட்டால் அந்த ஊர்க் கோழிகள் சாய்ந்து விழுந்துவிடும். கர்ட் குனிந்து டயரைப் பார்த்தான்.

"இவ்ளோ காத்து எதுக்கு அடைச்சு வெச்சிருக்கீங்க?"

"டயர்லயே எழுதியிருக்கே."

"அது முழுச் சுமை ஏத்தினாங்க. வெறும் வண்டிக்கு இவ்ளோ வேண்டாம். கல்லு மாதிரி இருக்கு, அதான் துள்ளுது." அவன் ஒவ்வொரு டயரிலும் காற்றைக் கொஞ்சம் இறக்கினான்.

வண்டி உடனே மெத்தென்று போயிற்று. ஆர்லின் குதூகலமாக வீட்டுக்கு வந்து இன்னொரு ஒத்திகை கேக் கேட்டார். லவோன் குளிர்பெட்டியைத் திறந்து ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்து நீட்டினாள். பச்சை ஜெல்லி, உள்ளே துருவிய கேரட்.

"என்னது இது?"

"உன் பரிசோதனைக்கெல்லாம் கேக் சுட்டுக்கிட்டிருக்க முடியாது. ஜெல்லி முழுசா டவுன் போய்த் திரும்பி வந்தா, கேக்கும் போகும்."

அதில் நியாயம் இருந்தது. ஆர்லின் ஜெல்லிக் கிண்ணத்தைப் பக்கத்து சீட்டில் வைத்து, பெல்ட்டும் போட்டு, கிளம்பினார். மண்ரோடு முழுக்க ஜெல்லி சும்மா இலேசாக நடுங்கியது, அவ்வளவுதான். தார் ரோட்டில் ஏறியதும் அதுவும் இல்லை. டுவேனின் புல்வெளி வந்தது. டுவேன் அதற்குள் அறுக்க ஆரம்பித்திருந்தார், அதுவும் காலைப் பனி சரியாக உலராத புல்லை. அவசரக்குடுக்கை, என்று ஆர்லின் மனதுக்குள் நினைத்த மாத்திரத்தில் ஒரு காற்று அடித்தது. வண்டி தெற்கே பாய்ந்தது. ஆர்லின் வெட்டித் திருப்பினார். ஜெல்லி பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு கிண்ணத்தை விட்டு வெளியே வந்தது. பட்டன் அதைத் தரையில் விழ விடவில்லை.

"டயர்ல காத்துக் குறைஞ்சா ஸ்டீயரிங் கொஞ்சம் தொளதொளன்னுதான் இருக்கும்," என்றான் கர்ட். "துள்ளறது நிக்கணும்னா வேற வழி இருக்கு. பின்னாடி பாரம் ஏத்துங்க. பின் ஸ்பிரிங் பாரத்துக்குன்னு செஞ்சது. பாரம் இருந்தா அடங்கும்."

ஆர்லினுக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. மாடுகளுக்கு வைக்கிற உப்புக் கட்டி, தீவன மூட்டை எல்லாவற்றையும் வண்டியின் வாலில் ஏற்றினார். கர்ட் சொன்னதைவிட இரண்டு மடங்கு ஏற்றினார். நல்லதை ஏன் குறைவாகச் செய்ய வேண்டும்? வண்டியின் பின்பக்கம் தரையைத் தொட, முன்பக்கம் வானத்தைப் பார்த்தது.

டுவேனின் புல்வெளி வரை ஜெல்லி அசையவே இல்லை. அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் பட்டன் தூக்கத்திலிருந்து எழுந்து, உடம்பை உதறி, சீட்டுப் பக்கம் வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றது. இதை ஆர்லின் கவனிக்கவில்லை. டுவேன் புதிதாக ஒரு உருளை கட்டும் இயந்திரம் வாங்கியிருந்ததை அப்போதுதான் பார்த்தார்.

பட்டனுக்கு அன்றும் ஜெல்லி கிடைத்தது.

"முன்பக்கம் தூக்கிக்கிட்டா முன் டயருக்குப் பிடிமானம் போயிடுமே!" என்று கர்ட் தலையில் அடித்துக்கொண்டான். "அவ்ளோ ஏத்தச் சொன்னது யாரு?"

பாரத்தை இறக்கியாயிற்று. அதற்குப் பதிலாகப் பின்னால் மெல்லிய பட்டைகள் வைத்த புது ஸ்பிரிங், நான்கு பக்கமும் புது ஷாக் அப்சார்பர். இந்த முறை லவோனே கூட வருவதாகச் சொன்னாள். வண்டி துள்ளவே இல்லை. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் இந்தப் பக்கம் சாய்ந்து, யோசித்து, அந்தப் பக்கம் சாய்ந்தது. மூன்றாவது வளைவில் லவோனின் முகம் ஜெல்லியின் நிறத்துக்கு வந்துவிட்டது.

"நிறுத்து."

"இன்னும் கொஞ்ச தூரம்தான் லவோன், டுவேனோட..."

"ஆர்லின், நிறுத்து!"

அவள் இறங்கி, வீட்டுக்கு நடந்தே போனாள். வழியில் ட்வைலாவின் தபால் வண்டியில் ஏறிக்கொண்டாள் என்று பிற்பாடு தெரிந்தது. அங்கே இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று ஆர்லின் கேட்டுக்கொள்ளவில்லை.

அதற்குள் விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. காபிக் கடையில் ஆர்லின் நுழைந்தாலே யாராவது ஒருவர் ஜெல்லி இருக்கிறதா என்று கேட்டார். எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்த டுவேன் மட்டும் சிரிக்கவில்லை. காபிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரே கேலி செய்யவும் துணிவில்லாதவன் என்று ஆர்லினுக்கு அவர் மேல் இன்னும் எரிச்சல் வந்தது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஆர்லின் ஜெல்லிக் கிண்ணத்தோடும் பட்டனோடும் கர்ட்டின் முன்னால் போய் நின்றார்.

"ஸ்டீயரிங் பாக்ஸையே மாத்திடு."

"பழையது நல்லாத்தானே இருக்கு? நானே ஓட்டிப் பாத்தேன், நேராத்தான் போச்சு."

"நீ எங்க ஓட்டிப் பாத்தே?"

"டவுனைச் சுத்தி."

"டவுன்ல எல்லா வண்டியும் நேராப் போகும். மாத்து."

கர்ட் மாற்றினான். பந்தய வண்டிக்காரர்கள் விரும்புகிற மாதிரி இறுக்கமான பாக்ஸ். சுண்டு விரலை அசைத்தால் வண்டி திரும்பியது. ஆர்லினுக்கு அப்படியொரு சந்தோஷம். நினைத்தாலே திரும்புகிறது என்று கடை வாசலிலேயே கர்ட்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அதுதான் வினை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் டுவேனின் புல்வெளி முழுக்க உருளைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் எப்படி இறுக்கம்! ஆர்லின் அதுவரை இருபத்திரண்டு வரை எண்ணியிருந்தார். டமார் என்று ஒரு சத்தம். வண்டி நின்றபோது அவர் மடியில் ஜெல்லி இருந்தது, ஜெல்லியில் பட்டன் இருந்தது, வண்டியின் மூக்கில் டுவேனின் ரோட்டோரத் தபால் பெட்டி செருகியிருந்தது.

எதிரே ட்வைலா கையில் டுவேனுக்கு வந்த கடிதத்தோடு நின்றாள்.

"இதை இப்ப நான் எங்க போடறது?" என்றாள்.

ஆர்லின் பெட்டியை நிமிர்த்தி, கம்பி சுற்றி, காலால் மண்ணைத் தள்ளி நிற்க வைத்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். நல்லவேளை, டுவேன் இல்லை.

"காத்து," என்றார் ட்வைலாவிடம்.

"ஆமாமா," என்றாள் ட்வைலா. "போன மாசம் உங்க வேலிக்கம்பத்தைச் சாய்ச்சதும் இதே காத்துதான்."

"அது காளை மோதினது."

"ஓ, காளையா?" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மார்னி அவர் கையைத் தொட்டாள்.

"அப்பா, போதும்ப்பா. வேன்ல வரட்டுமே. எனக்கு ஒண்ணும் குறையில்லை."

அவள் அதை அவ்வளவு அன்பாகச் சொன்னதுதான் அவரால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பார். எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தார். தண்ணீர் நிறையவே இருந்தது.

கல்யாணத்தன்று காலையில் லவோன் எழுந்து வந்தபோது ஆர்லின் வண்டிக்கு அடியில் கிடந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"என்ன பண்ற?"

"பாக்ஸ்ல ஒரு திருகு இருக்கு. ரொம்ப இறுக்கமா இருக்குன்னு கொஞ்சமே கொஞ்சம் தளர்த்தினேன். அதான் பிரச்சினையே." அவர் வெளியே வந்து உட்கார்ந்தார். மூக்கில் கிரீஸ். "லவோன், இந்த ஒரு தடவை. அவ சாமான் எல்லாம் அவன் வண்டியிலயே போயிடுச்சு. கேக்காவது..."

லவோன் அவரோடு இருபத்தொன்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள். அவர் சொல்லாததும் அவளுக்குக் கேட்கும்.

"சரி. ஒரு நிபந்தனை."

"சொல்லு."

"நான் ஓட்டறேன். நீ பின்னாடி உக்காந்து கேக்கைப் பிடிச்சுக்கோ."

அந்த வண்டியை ஆர்லினைத் தவிர யாரும் ஓட்டியதில்லை, கர்ட்டைத் தவிர. ஆனால் பேரம் பேசுகிற நிலையில் அவர் இல்லை. பின் சீட்டில் ஏறினார். கோட்டும் டையுமாகக் கால்களை அகட்டி உட்கார்ந்து, நடுவில் கேக் பெட்டியை வைத்து, இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். பெட்டி அவர் கண் உயரத்துக்கு மேல் இருந்தது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளை அட்டையும், மூடியின் இடுக்கில் கொஞ்சம் கோதுமைக் கதிரும்தான்.

"மெதுவா," என்றார்.

"தெரியும்."

"விரல் தூக்க மறந்துடாதே."

"தெரியும்டா சாமி."

வண்டி கிளம்பியது. மண்ரோட்டைக் கடந்து தார் ரோட்டில் ஏறியது. பட்டன் திடீரென்று எழுந்து, உடம்பை உதறி, கேக்குக்குப் பக்கத்தில் வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றது. ஆர்லின் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஜன்னலில் காற்று விர்ரென்று அடித்தது. கேக் அசையவில்லை. பட்டன் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தது. பிறகு ஏமாந்துபோய்ப் படுத்துக்கொண்டது.

"டுவேனோட புல்வெளி இன்னும் வரலையா?" என்றார் ஆர்லின்.

"தாண்டி எவ்ளோ நேரம் ஆச்சு!"

"தாண்டியாச்சா! நேராவா?"

"நேராத்தான்."

ஆர்லினுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, கேக் மறைத்தது. "அந்தத் திருகுதான் லவோன்! நான் சொன்னேன்ல!" கொஞ்ச தூரம் போனதும் அடக்க முடியாமல் கேட்டார். "எத்தனை உருளை நிக்குது?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் லவோன்.

சர்ச் படியில் மார்னி வெள்ளை உடையோடு நின்றிருந்தாள். ஆர்லின் கேக்கைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். மூன்று அடுக்கும் முழுசாக இருந்தன. கதிரில் ஒரு மணிகூட உதிரவில்லை. மார்னி ஓடி வந்து, கேக்கையும் சேர்த்து அவரைக் கட்டிக்கொள்ளப் பார்த்தாள்.

"தள்ளி நில்லு, தள்ளி நில்லு, இடிச்சுடுவே," என்றார் ஆர்லின்.

கல்யாணம் நன்றாக நடந்தது. பிறகு எல்லோரும் சர்ச்சின் கீழ்த்தளக் கூடத்தில் பன்னும் காபியுமாக உட்கார்ந்தார்கள். ஆர்லின் மேஜை மேஜையாகப் போய்த் திருகு புராணம் படித்தார். கர்ட்டே கைவிட்ட பிறகு, ஒரே ஒரு திருகு, கொஞ்சமே கொஞ்சம் தளர்த்தியது. கர்ட் அந்தப் பக்கம் உட்கார்ந்து பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தான். லவோன் கேக் வெட்டுவதில் மும்முரமாக இருந்தாள். பக்கத்தில் ட்வைலா தட்டு நீட்டிக்கொண்டிருந்தாள்.

டுவேன் காபிக் கோப்பையோடு வந்து ஆர்லின் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பல வருஷமாகியிருந்தது. இப்போது சம்பந்தி வேறு.

"கேக் நல்லா வந்து சேந்துச்சு," என்றார் டுவேன்.

"சேராம?"

டுவேன் அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "அந்தத் திருகு... சரியா எந்த இடத்துல இருக்கு?"

"ஏன் கேக்கறே?"

"என் வண்டியும் இழுக்குதுப்பா." டுவேன் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "டயர் மாத்தினேன். ஸ்பிரிங் மாத்தினேன். வேற ஊர் மெக்கானிக்கிட்ட போய்ப் பாக்ஸ்கூட மாத்திட்டேன், பெர்னடைனுக்குத் தெரியாம. ஒண்ணும் கேக்கலை. போன மாசம் உன் வேலிக்கம்பம் சாஞ்சுதே, அது காளை இல்லை. நான்தான்."

ஆர்லினுக்கு அவர் மேல் முதல் முறையாக ஒரு பாசம் வந்தது. "உன் தபால் பெட்டியும் நான்தான்," என்றார். "எந்த இடத்துல இழுக்குது?"

"நம்ம ரெண்டு பேர் புல்வெளியும் இருக்கே, அங்கதான். மத்த இடத்துல எல்லாம் ஒழுங்காப் போகுது."

"அதான்! அங்க மரமே கிடையாது. வடக்குக் காத்து நேரா அடிக்கும். வண்டியைத் தெற்கே தள்ளும்."

டுவேன் யோசித்தார்.

"எனக்கு வடக்கேல்ல இழுக்குது?"

ஆர்லினும் யோசித்தார். இரண்டு பேரும் ஒரு கரண்டியை ரோடாக வைத்து, இரண்டு பன்னை வண்டியாக வைத்துப் பார்த்தார்கள். காற்று ஒரு வண்டியைத் தள்ளலாம். அதே காற்று அதே இடத்தில் இன்னொரு வண்டியைத் தன் பக்கம் இழுக்குமா? கர்ட்டைக் கூப்பிட்டார்கள். கர்ட் பன்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, ரோட்டுக்கு அடியில் இரும்புப் பாறை ஏதாவது இருந்து காந்தம் மாதிரி இழுக்கிறதோ என்றான். அது ஆர்லினுக்குப் பொருத்தமாகப் பட்டது. திங்கட்கிழமை டிராக்டரைக் கொண்டுவந்து இரண்டு பக்கமும் தோண்டிப் பார்த்துவிடுவது என்று சம்பந்திகள் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

பின்னால் நின்று கேக் தின்றுகொண்டிருந்த ட்வைலா, கதிரின் கடைசி மணியையும் வாயில் போட்டுக்கொண்டு, தட்டைக் கீழே வைத்தாள்.

"தோண்டவெல்லாம் வேண்டாம். பனி விழுந்து ரெண்டு பேர் புல்லையும் மூடிடட்டும், ரெண்டு வண்டியும் தானா நேரா ஓடும், விரலும் எழும்பும். நான்தான் வருஷா வருஷம் எதிர்ல வந்து பாக்கறேனே."